பின் சக்கரத்தில் மாட்டிய சங்கிலி

ஓசூரில் வேன் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் டெஸ்ட் டிரைவராக இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனேன். தேன்கனிக்கோட்டைக் காட்டு வளைவுகளில் நான் ஓட்டாத வண்டி இல்லை என்று கேன்டீனில் சொல்லிக்கொண்டே இருப்பேன். அந்த வாய்தான் என்னை மணாலிக்கு அனுப்பியது. புது வேனைக் கடுங்குளிரில் ஓட்டிப் பார்க்க ஆள் கேட்டார்கள். முதலில் கை தூக்கியவன் நான். பனி என்றால் அதுவரை எனக்கு மார்கழிக் காலையில் கண்ணாடியில் படிவது மட்டும்தான்.

1. மூன்று ஜோடி சாக்ஸ்

எங்கள் டீமுக்கு லீடர் கவிதா. ஊத்தங்கரைப் பெண், பனிச்சறுக்கு தெரிந்தவர். ஞாயிறு லீவில் அவரும் மூன்று இன்ஜினியர்களும் சறுக்கப் போனார்கள். அந்தப் புது வேனை ஓட்டியது நான். மூன்று ஜோடி காட்டன் சாக்ஸை சேஃப்டி ஷூவுக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினேன்.

"காட்டன் வேணாங்ணா. வேர்த்தா ஈரம் உள்ளயே நிக்கும். கம்பளி ஒரு ஜோடி போதும். டைட்டா இருந்தா ரத்தம் ஓடாது" என்றார் கவிதா.

"காலு என்னுதும்மா" என்றேன்.

அரை மணி நேரத்தில் அது என்னுடையதாக இல்லை. விரல் இருக்கிறதா என்று ஷூவைக் கழற்றிப் பார்த்துக்கொண்டேன்.

2. எனக்குத் தெரிந்த விதி

அவர்கள் சறுக்கிக்கொண்டிருந்தபோதே பனி கொட்டியது. இறங்குவதற்கு முன், வழுக்காமல் இருக்க டயரில் சங்கிலி மாட்ட வேண்டும். இருந்தது ஒரு செட், இரண்டு சக்கரத்துக்கு. பின்னால் மாட்டினேன்.

"அண்ணா, பின்னாடி எதுக்கு மாட்டுனீங்க?"

"பவர் எந்தச் சக்கரத்துக்குப் போகுதோ அதுலதாம்மா மாட்டணும். லாரி ஓட்டுன ஆளுகிட்ட கேக்கற பாரு."

"அதத்தாண்ணா நானும் சொல்றன்..."

நான் கதவைச் சாத்திவிட்டேன். விதி சரிதான். ஆறு மாதமாக நானே ஓட்டிப் பார்த்த அந்த வேனுக்குப் பவர் முன் சக்கரத்துக்குப் போகிறது என்பது மட்டும் மறந்துவிட்டது.

3. முதல் வளைவு

ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டி திரும்பவில்லை, நேராகப் போனது. இடது பக்கம் பள்ளம். பயத்தில் பிரேக்கை முழுசாக அழுத்தினேன். வழுக்கல் நிற்கவில்லை.

"பிரேக்க விடுங்ணா! கால எடுங்க!" என்று கவிதா கத்தினார்.

எடுத்தேன். சக்கரம் உருண்டது, பிடி கிடைத்தது. மலைப் பக்கமாகத் திருப்பிப் பனிக்குவியலில் மூக்கைச் செருகினேன். கட்டாமல் போட்டிருந்த சறுக்குப் பலகை ஒன்று பின்னாலிருந்து பாய்ந்து என் மண்டையில் இடித்தது. அதைக் கட்டியிருக்க வேண்டியவனும் நானே.

இன்ஜினியர் பையன் ஒருவன் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னால் வந்த உள்ளூர் டிரைவர் இறங்கி இந்தியில் ஏதோ சொன்னார். எனக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் வரும், இந்தி வராது. ஆனால் அவர் விரல் முன் சக்கரத்தைக் காட்டியது புரிந்தது. சிரித்ததும் புரிந்தது. சங்கிலியை மாற்றி மாட்டினோம். சாவியைக் கவிதாவிடம் கொடுத்தேன். "நீ ஓட்டும்மா."

இரண்டாம் கியரிலேயே, பிரேக்கை அதிகம் தொடாமல், அடிவாரம் வரை இறக்கினார்.

4. ரிப்போர்ட்

அடுத்த நாள் விஷயம் கேள்விப்பட்டு ஓசூரிலிருந்து மேனேஜர் போன் செய்தார். "ஸ்டியரிங் ஃபால்ட்டாய்யா? அப்படின்னா வண்டிய நிறுத்திடலாம்."

ஆமாம் என்றால் நான் தப்பிப்பேன். அந்த வேனுக்காகப் பிள்ளைகள் போட்ட இரண்டு வருஷ உழைப்பு நின்றுபோகும். கவிதா எதிரில்தான் இருந்தார்.

"இல்ல சார். டிரைவர் ஃபால்ட்டு."

"நீயா?"

"நான்தான் சார்."

பனிக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு: கம்பளி சாக்ஸ், கட்டிய பலகை, பவர் போகும் சக்கரத்தில் சங்கிலி, வழுக்கினால் பிரேக்கிலிருந்து காலை எடுப்பது. இவ்வளவும் எனக்கு முன்கூட்டியே சொல்ல வண்டியில் ஆள் இருந்தது. அனுபவம் அதிகம் என்பதால் நான்தான் கேட்கவில்லை.