ரோஸ்மில்க் வரும் பக்கம்

சங்ககிரி லாரிக்காரர்களுக்குப் படிக்கிற பழக்கமே கிடையாது என்று சொன்னால் அது அபாண்டம். டயரில் அச்சடித்திருப்பதைப் படிப்பார்கள், டோல்கேட் போர்டைப் படிப்பார்கள், பெண் வீட்டார் அனுப்பிய ஜாதகத்தை எழுத்து எழுத்தாகப் படிப்பார்கள். புத்தகம்தான் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. அப்பேர்ப்பட்ட ஊரில், பைபாஸ் ஓரத்து லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்தபடியே உஷாராணி நாவலாசிரியை ஆனாள். ஊர் அதைக் கவனிக்கவே இல்லை. கவனித்திருந்தால் ஆகவிட்டிருக்காது.

ஆபீஸ் அவள் புருஷன் பிரபாகருடையது. பெயருக்குத்தான் அவனுடையது. காலையில் வந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு, லாரி ஓனர் சங்கத்தில் முக்கியமான வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போவான். அந்த முக்கியமான வேலை டீக்கடை பெஞ்சில் சாயங்காலம் வரை நடக்கும். போன் எடுப்பதெல்லாம் உஷாராணி. நாக்பூரிலிருந்தும் குவஹாத்தியிலிருந்தும் டிரைவர்கள் கூப்பிடுவார்கள். "அம்முணி, ரிட்டர்ன் லோடு கெடைக்கலீங்" என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் மெதுவாக மகள் காதல், மாமியார் கொடுமை, ராத்திரி தாபாவில் வந்த அழுகை எல்லாம் வந்துவிடும். பெண்டாட்டியிடம் சொல்லத் துப்பில்லாததை எல்லாம் புக்கிங் ஆபீஸ் அம்முணியிடம் கொட்டுவார்கள். அவள் 'உம்' கொட்டிக் கேட்டுக்கொள்வாள். எந்தக் காலேஜிலும் கிடைக்காத படிப்பு அது.

முதலில் அவள் எழுதியது செல்போன் செயலியில் வரும் தொடர்கதைகள். அதில் கதாநாயகன் எப்போதும் பெரும் பணக்காரன், எப்போதும் கோபக்காரன். முதல் அத்தியாயத்தில் கதாநாயகியை அறைவான், இருபதாம் அத்தியாயத்தில் அணைப்பான். நடுவில் அவளுக்குக் காய்ச்சல் வரும். லட்சக்கணக்கான பேர் படித்தார்கள். எழுதுகிற அவளுக்கே குமட்டியது, ஆனால் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெண்ணை அறைகிற கதையால் எந்தக் குடும்பத்துக்கு மானம் போயிருக்கிறது?

மாமியார் சாலம்மாளுக்கு மட்டும் ஒரு குறை. அந்த அம்மாள் தமிழில் டப்பிங் ஆன துருக்கி நாடகம் ஒன்றைப் போனில் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பவள். "ஏம்புள்ள, இந்த மாதிரி எழுதக் கூடாதா? இவ புருசன் ஊட்ட உட்டுப்போட்டுக் கப்பல்ல போறா பாரு, எப்படி அழுகாச்சி வருது!" என்பாள். சரி என்று உஷாராணி உள்ளூர்க் கதை ஒன்று எழுதினாள், அதில் ஒருத்தி புருஷன் வீட்டை விட்டு ஈரோடு பஸ் ஏறினாள். சாலம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "திமிரெடுத்தவ" என்றாள். இஸ்தான்புல்லில் போனால் பாவம், சங்ககிரியில் போனால் திமிர். அன்றைக்கே அறைகிற கதாநாயகர்களை எல்லாம் தலைமுழுகிவிட்டு உஷாராணி 'காலி வண்டி' நாவலை ஆரம்பித்தாள்.

அது ஒரு லாரி ஓனர் மகளின் கதை. அதில் ஒரு பக்கம்தான் பிற்பாடு வினையாகப் போனது. அந்தப் பக்கத்தில், தம்பி கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவளை ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போய், அப்பன் சொத்தில் எனக்குப் பாத்தியதை இல்லை என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். திரும்பி வரும் வழியில் ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுக்கிறார்கள். அடுத்த வாரம் அவளை இணைச்சீருக்கு நிறுத்துகிறார்கள்.

இணைச்சீர் உஷாராணி பிறந்த சனத்தின் பெரிய பெருமை. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளைக் கல்யாணப் பெண்ணுக்கு நிகராகச் சிங்காரித்து, கூறைச்சேலை வைத்த கூடையை அவள் கையில் கொடுத்து, சேலை முந்தியை மாப்பிள்ளை பிடிக்க, இரண்டு பேரையும் அக்கம்பக்கமாக நிறுத்துவார்கள். பிறந்த வீட்டில் அவளுக்கும் சரிபங்கு உண்டு என்று ஊரறியச் சொல்கிற சீர் அது என்று மைக் பிடித்து விளக்கமும் சொல்வார்கள். நாவலில் கூடையோடு நிற்கிற பெண் நினைத்துக்கொள்கிறாள்: 'பங்கைப் போன வாரமே எழுதி வாங்கிவிட்டார்கள். இன்றைக்குக் கூடை கொடுத்திருக்கிறார்கள்.'

சென்னையில் ஒரு பதிப்பகம் புத்தகத்தைப் போட்டது. சேலத்தில் ஒரு மண்டபத்தில் பரிசு கொடுத்தார்கள். பாராட்டிப் பேசியவர் அட்டையைத் தவிர எதையும் திறந்தவராகத் தெரியவில்லை. எழுத்தில் மண்வாசனை வீசுகிறது என்றார். கதை முழுக்க வீசியது டீசல் வாசனை. உஷாராணி சால்வையை வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தாள். பிரபாகர் அந்தச் சால்வையை ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போர்த்தினான், தூசி படாமல் இருக்குமாம்.

இதற்கிடையில் அவள் தம்பி குமரகுருவுக்குப் பெண் அமைந்தது. அம்மா சாகும்போது அவன் கைப்பிள்ளை. சோறூட்டியதும், பேன் பார்த்ததும், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்தால் வாத்தியாரிடம் சண்டைக்குப் போனதும் அவள்தான். இந்தக் காலத்தில் அந்தச் சனத்து மாப்பிள்ளைக்குப் பெண் கிடைப்பது, பாடி கட்டாத வண்டிக்கு லோடு கிடைப்பது மாதிரி. வருஷக்கணக்கில் அலைந்து, தலையில் முடி பாதி போன பிறகு நாமகிரிப்பேட்டையில் ஒரு வீட்டில் சரி என்றார்கள். செய்தி கேட்ட அன்றைக்கே உஷாராணி இணைச்சீருக்கென்று அரக்குச் சேலை எடுத்துவிட்டாள். எழுத்தாளர், பரிசு, சால்வை எல்லாம் ஒரு பக்கம். தம்பிக்குப் பக்கத்தில் கூடையோடு நிற்க வேண்டும் என்பது அவளுக்கு எந்தப் பரிசையும் விடப் பெரிய ஆசை. அந்தச் சீரைக் கிண்டலடித்து எழுதியவளும் அவளே, அதற்காக ஏங்கியவளும் அவளே. மனுஷ மனசு அப்படித்தான், விமர்சகர்களுக்குப் பிடிக்காவிட்டாலும்.

அவளும் கையெழுத்துப் போட்டவள்தான். அப்பா செத்த வருஷம் குமரகுரு அவளைப் பைக்கில் உட்காரவைத்து ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போனான். தம்பிதானே என்று மனசாரத்தான் போட்டாள். வருகிற வழியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் அவன் வாங்கித் தந்த ரோஸ்மில்க்தான் தொண்டையில் நின்றுவிட்டது.

இந்த நேரம் பார்த்துப் பெரியப்பா செங்கோட்டையன் களத்தில் இறங்கினார். லாரிகளை விற்றுவிட்டு, விற்க முடியாத குடும்ப மானத்தைக் காவல் காத்துக்கொண்டிருப்பவர். யாரோ ஒரு சிநேகிதர் அந்த ரோஸ்மில்க் பக்கத்தைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தார். மேலே இரண்டு வரி படித்தார். மீதியைப் படிக்கக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி உள் அறையில் இருந்தது. படித்த இரண்டு வரியே போதும் என்று, 'செல்லாண்டியம்மன் துணை' என்ற சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் அந்தப் பக்கத்தைப் போட்டுவிட்டு, "நம்ம குடும்பத்துப் பொண்ணு நம்ம சீரைக் கேவலப்படுத்தியிருப்பதை எல்லோரும் கட்டாயம் படிக்கவும்" என்று குரலில் சொல்லித் தட்டச்சு ஆக்கி அனுப்பினார். சொந்த வண்டிக்குத் தானே ஆணி போட்ட புண்ணியவான் அவர் ஒருத்தர்தான் இருப்பார். ஆனால் அது அவருக்கு அப்போது தெரியவில்லை.

மறுநாள் அவர் வீட்டு ஹாலில் பஞ்சாயத்து. குமரகுரு மூலையில் நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊட்டு விசயத்தைச் சந்தி சிரிக்க வெச்சுட்டியே சாமி. அந்தப் பக்கம் பூராப் பொய்யின்னு குரூப்புல எழுதி மன்னிப்புக் கேட்டுப்போடு. இல்லீன்னா இணைச்சீருக்கு எம்புள்ள அனிதா நிப்பா. நீ வந்து சாப்ட்டுப்போட்டுப் போ, வேண்டாங்கல" என்றார் பெரியப்பா.

"அதுல எது பொய்யின்னு காட்டுங்க பெரியப்பா, அத மட்டும் எடுத்துப் போடறேன்" என்றாள் உஷாராணி.

பெரியப்பா அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்திருந்தால் காட்டியிருப்பார். "எதிர்த்துப் பேசறா பாருங்க" என்று பிரபாகரைப் பார்த்தார்.

பிரபாகர் பொண்டாட்டிக்குப் பரிந்து பேசுகிற ரகம் இல்லை. "ரெண்டு வரி எழுதிப் போட்டுடு உஷா. கதையே எழுதறவளுக்கு ரெண்டு வரி வராதா?" என்றான்.

வாசலில் செருப்பு மாட்டும்போது குமரகுரு பின்னாலேயே வந்தான். "அக்கா, பெரியப்பா பேச்சை எப்படிக்கா தட்டறது? பொண்ணு ஊட்டுல வேற என்ன நெனைப்பாங்களோ. கண்ணாலம் முடியட்டும், எல்லாம் சரியாப் போயிரும்" என்றான். அவளுக்குப் பெரியப்பா மேல் வராத கோபம் அவன் மேல் வந்தது. பேன் பார்த்த தலையை அப்படியே சுவரில் மோதலாம் போலிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டாள்.

வந்து உட்கார்ந்து, போனை எடுத்து, மன்னிப்பை எழுதினாள். நிஜமாகவே எழுதினாள். அரக்குச் சேலை பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடந்தது அவள் கண் முன்னால் நின்றது. அனுப்பப் போகிற நேரம் போன் அடித்தது. அனிதா. பெரியப்பாவின் சொந்த மகள்.

"அக்கா, எங்கப்பா போட்டதப் படிச்சேன். ரிஜிஸ்டர் ஆபீசு வாசல்ல எனக்கு பலூடா வாங்கிக் குடுத்தாருக்கா எங்கப்பா. உனக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?" என்று கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் ஓமலூரில் கட்டிக்கொடுத்த சித்தப்பா மகள் கூப்பிட்டாள், அவளுக்கு முட்டை பரோட்டா. அதே நாமகிரிப்பேட்டையில் முன்பே வாழ்க்கைப்பட்ட இன்னொரு சித்தப்பா மகளான தங்கைக்கு ஒரு பாவாடைத் துணி. ஜென்மத்தில் புத்தகம் வாங்காத பெண்டுகள் எல்லாம், கட்டாயம் படிக்கவும் என்று பெரியப்பா உத்தரவு போட்டதால் படித்திருந்தார்கள். கடைசியாகப் பேசியது ஓர் அத்தை, அப்பாவின் தங்கை. "எனக்கு ஒண்ணும் வாங்கித் தரலீயே சாமி. ரேகை வெச்ச கை மையோட வெய்யில்ல நடந்தே கூட்டியாந்தாங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். உஷாராணி போனை வைத்துவிட்டு, எழுதிய மன்னிப்பை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். சேலை பீரோவிலேயே கிடக்கட்டும் என்று முடிவு செய்தாள். அழுகை வந்தது, அழுதாள்.

கல்யாணத்தன்று ஒரு சாதாரணச் சேலையைக் கட்டிக்கொண்டு மண்டபத்தின் நடு வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் சீர் நடத்தி வைக்கிற அருமைக்காரர், "உடன்பொறந்தவளக் கூப்புடுங்க" என்றார். பெரியப்பா, "அனிதா!" என்று கம்பீரமாகக் கூப்பிட்டார். அனிதா வரவில்லை. அவள் அம்மா வந்து அவர் காதில், அவள் ஊட்டுக்குத் தூரம் என்றாள். சரி, ஓமலூர்க்காரியைக் கூப்பிடு என்றார். அவளும் ஊட்டுக்குத் தூரம். நாமகிரிப்பேட்டைத் தங்கைக்குப் புருஷன் வழியில் பங்காளி சாவு, தீட்டு.

"எந்தப் பங்காளி?" என்று பெரியப்பா உறுமினார்.

"உங்களுக்குத் தெரியாதவீங்க பெரியப்பா" என்றாள் அவள், கதவோரம் நின்றபடி.

பந்தல் ஓரத்தில், மேடைக்கு ஆகாது என்று ஒதுங்கி, அந்த மூன்று தீட்டுக்காரிகளும் பட்டுச்சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஊரே பார்த்தது. ஒரே நாளில் அத்தனை பேருக்குமா என்று கேட்கப் பெரியப்பாவுக்கு வாய் வரை வந்தது. மீசை வைத்த ஆம்பிளை சபையில் கேட்கிற கேள்வியா அது? தூரம், தீட்டு என்று பெண்டுகளை ஆயுசுக்கும் ஒதுக்கி உட்காரவைத்தவர்களுக்கு, அது ஒருநாள் கதவைத் தாழ் போட்டுக்கொள்ளவும் உதவும் என்று தெரிந்திருக்கவில்லை.

அருமைக்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். பெண் வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். பெரியப்பா வேட்டியை இறுக்கிக்கொண்டு நடு வரிசைக்கு வந்தார்.

"எந்திரி சாமி."

"மன்னிப்புங்க பெரியப்பா?"

"மன்னிப்பும் மண்ணாங்கட்டியும்! முகூர்த்தம் போகுது, எந்திரி."

அனிதா எங்கிருந்தோ ஒரு பையை நீட்டினாள். உள்ளே அரக்குச் சேலை. பீரோச் சாவி சாலம்மாளிடம்தான் இருந்தது. துருக்கி நாடகம் பார்க்கிற அந்த அம்மாள் வேறு பக்கம் திரும்பி, மண்டபத்து விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

உஷாராணி கூடையை ஏந்தித் தம்பிக்குப் பக்கத்தில் நின்றாள். அவன் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டான். பிறந்த வீட்டில் இவளுக்கும் சரிபங்கு என்று மைக்கில் சொன்னார்கள். பந்தல் ஓரத்தில் யாரோ கனைத்தார்கள். அது பச்சைப் பொய் என்று அவளுக்குத் தெரியும், அச்சிலேயே போட்டிருக்கிறாள். இருந்தும் சந்தோஷமாக இருந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம்.

தாலி கட்டி முடிந்து சனம் பந்திக்கு ஓடியபோது அவள் போய்த் தங்கைகளோடு உட்கார்ந்தாள். மாலையும் வேர்வையுமாகக் குமரகுரு தேடிக்கொண்டு வந்தான். வாசலில் விருந்தாளிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததில் ஒரு டம்ளர் அவன் கையில் இருந்தது.

"காலைல இருந்து ஒண்ணுமே குடிக்கலையேக்கா நீ. இந்தா, உனக்குப் புடிச்ச ரோஸ்மில்க்."

அனிதாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் ஓமலூர்க்காரி. வரிசை முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. பொத்தாமல் சிரித்தது அத்தை மட்டும்தான்.

"ஏனக்கா சிரிக்கறாங்க?" என்று குமரகுரு விழித்தான்.

"என்ற புஸ்தகத்தப் படிச்சியாடா?"

"எங்கீக்கா நேரம்? அட்டையில உன்ற போட்டோ பாத்தேன், நல்லாருந்துச்சு."

"பெரியப்பா குரூப்புல போட்டது?"

"அந்தக் குரூப்பை எப்பவோ சத்தம் வராம அமுத்தி வெச்சுட்டேங்க்கா. எல்லாம் சும்மா குட்மார்னிங்கா வருது."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு கள்ளமும் இல்லை. இருந்திருந்தால் திட்டியாவது இருக்கலாம். ரோஸ்மில்க் அவளுக்கு எந்தக் காலத்திலும் பிடித்ததில்லை. டம்ளரை வாங்கி, அவன் பார்த்துக்கொண்டு நிற்க, அடிவரைக்கும் குடித்தாள்.