மான் பார்க்கப் போன மாலை

சொன்ன பேச்சைக் கேட்ட குழந்தையை அதற்காகவே கண்டிக்கலாமா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

நாங்கள் துபாய்ப் பக்கம் அஜ்மானில் இருக்கிறோம். நான்கு வயது மகள் நிலாவுக்கு மான் காட்ட, ஒரு விடுமுறை நாள் காலையில் பாலைவனத்துக்குப் போனோம். ஒரு மான்கூடக் கண்ணில் படவில்லை. அங்கே ஒட்டகங்களுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்த பாகிஸ்தானி பாய், "வெயில் தாழ்ந்ததும் வாங்க, தானா வரும்" என்று இந்தியில் சொன்னார்.

மாலையில் மறுபடி போனோம். "வாயே திறக்கக் கூடாது, சத்தம் கேட்டா மான் ஓடிடும்" என்று நிலாவிடம் பலமுறை சொன்னேன். பாய் சொன்னபடியே ஐந்து மான்கள் வந்தன. நானும் கணவரும் செல்போனில் படம் எடுத்துவிட்டுத் திரும்பினால், குழந்தையைக் காணோம். இருட்டத் தொடங்கியிருந்தது. பெயர் சொல்லிக் கத்தினோம். பதிலே இல்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த பாய்தான், மணல்மேட்டுக்குப் பின்னால் ஒரு புதரடியில் உட்கார்ந்திருந்தவளைத் தூக்கிவந்தார்.

"கூப்பிட்டேனே, ஏன்டி பேசல?"

"நீதானேம்மா பேசக் கூடாதுன்னே. நீ கத்தி மானெல்லாம் ஓடிடுச்சு."

அந்தப் பாய்க்கு நன்றி சொல்லாத நாளில்லை. இப்போது வெளியே போனால் அவள் கையை நான் விடுவதில்லை. "எப்போ பேசாதேன்னு சொன்னாலும், அம்மா கூப்பிட்டா பதில் சொல்லணும்" என்றும் சேர்த்தே சொல்கிறேன். அவளுக்கு அது புரிகிறதா என்பதுதான் சந்தேகம். இந்த வயதுக் குழந்தைக்கு இதை எப்படிப் புரியவைப்பது? அனுபவமுள்ள தாய்மார்கள் எழுதுங்களேன்.