எக்ஸ்ரே அறைக்கு வெளியே

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து கம்பளியைத் துவைத்துக்கொண்டிருந்தான் அவள் கணவன். கல்யாணமான பதினோரு வருஷத்தில் ஒரு கைக்குட்டையைக்கூட அலசிப் போட்டவனில்லை. தண்ணீர் குடித்த கம்பளி அவனுக்கு அடங்குவதாயில்லை. ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை வாளியைக் கவிழ்த்தது. கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கை துறுதுறுத்தது.

"தள்ளுங்க, நான் பிழியறேன்."

"நீ தொடக்கூடாது" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. மாமியாருக்குக் காது மந்தம். தொலைபேசி மணி கேட்காது, அழைப்பு மணி கேட்காது. மருமகள் பாரம் தூக்கப் போகிறாள் என்றால் மட்டும் இரண்டு சுவர் தாண்டியும் கேட்டுவிடும். "அவன் பிழியட்டும். பிழிஞ்சா தேஞ்சா போயிடுவான்?"

"அத்தை, மூணு தடவை பார்த்தாச்சு. ஒண்ணும் இல்லைன்னுதான் வந்தது."

"அந்தக் குச்சிக்கு என்னம்மா தெரியும்?"

சிறுநீரில் நனைத்துக் கர்ப்பம் பார்க்கிற குச்சிக்குத் தெரியாது, ரத்தத்தை எடுத்துப் பார்த்த பரிசோதனைக்கூடத்துக்குத் தெரியாது, ஸ்கேனுக்கும் தெரியாது. மாமியாருக்குத் தெரியும். மூன்று மாதமாகத் தூரம் வரவில்லை. வயிறு உப்பியிருக்கிறது. மார்பு கனத்து, ஐந்து வாரமாகப் பால் வேறு கசிகிறது. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. பதினான்கு வருஷமாக அந்த இருட்டறைதான் அவள் ராஜ்ஜியம். கையொடிந்து அலறிக்கொண்டு வருகிறவனைக்கூட இரண்டு வார்த்தை பேசி மேசைமேல் அசையாமல் படுக்கவைத்துவிடுவாள். "மூச்சை இழுங்க, பிடிங்க" என்று சொல்லிவிட்டு, பொத்தானை அழுத்தி, "விடுங்க" என்பாள். ஒரே படம், இரண்டாவது எடுக்க நேர்ந்தால் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

பால் கசிந்த முதல் நாள் அவள் வேலையில் இருந்தாள். வெள்ளைக் கோட்டில் ஈரம் படர்ந்ததை அவளுக்கு முன்னால் நர்ஸ் பார்த்துவிட்டாள். மத்தியானத்துக்குள் செய்தி துறையின் பெரிய டாக்டர் வரை போயாயிற்று. கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே பெண் ஊழியர் எக்ஸ்ரே அறைக்குள் போகக்கூடாது என்பது அவர் போட்ட விதி. அவளை வெளியே கவுன்ட்டரில் உட்காரவைத்தார்.

"இல்லாத பிள்ளைக்கு எதுக்கு சார் பாதுகாப்பு?"

"இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வா. நாளைக்கே உள்ள போ."

எழுதி வாங்க மகளிர் டாக்டரிடம் போனாள். அந்த அம்மாள் பரிசோதனைத் தாள்களைப் புரட்டிவிட்டு, "கர்ப்பம் இல்லை. உங்களுக்கு ஒண்ணும் இல்லை, தைரியமா போங்க" என்றார்.

"ஒண்ணும் இல்லைன்னா பால் ஏன் டாக்டர் வருது?"

"மனசுதான் காரணம். பிள்ளை பிள்ளைன்னு ஏங்கினா உடம்பும் சேர்ந்து நடிக்கும்."

"நான் ஏங்கலையே."

டாக்டர் பரிதாபமாகச் சிரித்தார். பொய் சொல்கிற பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

"சரி, கர்ப்பம் இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. வேலைக்குப் போகணும்."

"அதெப்படி எழுதறது? தூரம் வரலையே. இன்னும் ரெண்டு மாசம் போகட்டும், பார்ப்போம்."

வைத்தியம் கேட்டால் கர்ப்பம் இல்லை, சீட்டுக் கேட்டால் இருக்கலாம். வெளியே வந்து அந்தக் கதவை ஓங்கிச் சாத்தலாம் என்று பார்த்தாள். தானாக மெல்ல மூடிக்கொள்கிற கதவு. அதுவும் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

அவள் ஏங்கவில்லை என்பது நிஜம். ஏங்கிய காலம் ஒன்று இருந்தது. ஊசி, மாத்திரை, தேதி குறித்து வைத்த நாட்காட்டி என்று ஆறு வருஷம் ஓடியது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் சாப்பிடும்போது, "எனக்குப் போதும்" என்றாள். கணவன் "சரி" என்றான். மாமியார் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சாப்பாடு வைத்தாள். அன்றோடு மூன்று பேருமே அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டதாக நினைத்திருந்தாள். அவள் மட்டும்தான் இறக்கியிருந்தாள் என்பது இந்த ஐந்து வாரத்தில் தெரிந்தது. பால் கசிந்த விஷயத்தை முதலில் கணவனிடம்தான் சொன்னாள். கேட்டவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து, "அவசரப்படாதீங்க, எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் அம்மாவைத் தேடிப் போய்விட்டான்.

கவுன்ட்டரில் உட்கார்ந்து படங்களை உறையில் போட்டுப் பெயர் எழுதினாள். உள்ளே அவள் இடத்துக்குத் தற்காலிகமாக வந்த மனிதர், "மூச்சை இழுங்க, பிடிங்க" என்பார். "விடுங்க" சொல்ல மறந்துவிடுவார். நோயாளிகள் முகம் சிவந்து வெளியே வருவார்கள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் வீட்டில் என்ன பாடோ. ஆனால் ஒரே முழங்காலை மூன்று தரம் படம் எடுத்ததைக் கேட்டபோது அவள் எழுதிக்கொண்டிருந்த உறையைப் பேனாவாலேயே குத்திவிட்டாள்.

"ஏன்க்கா, வாயும் வயிறுமா இருக்கறப்ப கோபப்படலாமா?" என்றாள் நர்ஸ்.

"வயிறுமா இல்லைடி. வாய் மட்டும்தான் இருக்கு. அதையும் கிளறாதே."

வியாழக்கிழமைகளில் ஹார்மோன் டாக்டர் ஒருவர் வருவார். யாரும் அனுப்பாமல் தானே சீட்டெடுத்து வரிசையில் உட்கார்ந்தாள். எத்தனை பிள்ளை என்று அவர் கேட்கவில்லை. ரத்தம் எடுக்கச் சொல்லி, அடுத்த வியாழக்கிழமை முடிவைப் பார்த்தவர், "பால் சுரக்கிற ஹார்மோன் நாலு மடங்கு இருக்கு. என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றார்.

"ஒண்ணும் இல்லை."

"வயித்துக்கு, தலைவலிக்கு, தூக்கத்துக்கு?"

"வயிறு மந்தமா, உப்புசமா இருக்குன்னு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்னால, மூணு வேளை."

"எத்தனை நாளா?"

விரல் விட்டு எண்ணினாள். "ஏழு மாசம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அது பத்து நாளைக்கு மேல சாப்பிடற மாத்திரை இல்லைம்மா. உடனே நிறுத்துங்க. ஒரு மாசம் கழிச்சு ரத்தத்தைத் திரும்பப் பார்ப்போம். இறங்கலைன்னா தலைக்கு ஒரு ஸ்கேன் எடுக்கலாம். அநேகமா இறங்கிடும். யார் குடுத்தது?"

"வீட்லதான்."

அவள் கணவன் மருந்துக் கடையில் வேலை செய்கிறவன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளை ஒரு வரி விடாமல் படிக்கிற ஆள். பக்கவிளைவுகளை எல்லாம் வாடிக்கையாளர்களுக்கு வாசித்துக் காட்டிப் பாதிப் பேரைப் பயமுறுத்தித் திருப்பி அனுப்புகிறான் என்று முதலாளி அலுத்துக்கொள்வார்.

சாயங்காலம் அவன் வந்து சாப்பிட உட்கார்ந்தான். மாமியார் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். என்ன பேசப் போயிருக்கிறாள் என்பது தெரிந்ததுதான்.

"பால் வர்றது அந்த மாத்திரையாலதானாம்" என்றாள்.

"எந்த மாத்திரை?"

"நீங்க கொண்டுவந்து குடுக்கறது."

"அது சாதாரண மாத்திரை. தினம் அம்பது பேருக்குக் குடுக்கறேன்."

"அவங்களுக்கு அஞ்சு நாளைக்குக் குடுப்பீங்க. எனக்கு ஏழு மாசம்."

"உனக்குக் கேட்டுதே? நல்லா இருக்குன்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன். அதை நான் குத்தம் சொல்லலை." அவள் எதிரே உட்கார்ந்தாள். "இன்னைக்கு அந்தத் தாளை எடுத்துப் படிச்சேன். பால் வரலாம், தூரம் நிக்கலாம்னு போட்டிருக்கு. நடுவுல, நல்லாத் தெரியற மாதிரி."

அவன் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஊருக்கெல்லாம் வாசிச்சுக் காட்டறீங்க. நான் வந்து உங்ககிட்டதானே முதல்ல சொன்னேன். அன்னைக்கு இது ஞாபகம் வரலையா?"

"அம்மா எவ்வளவு சந்தோஷப்பட்டாங்கன்னு பார்த்தேல்ல?"

"நான் அத்தையைப் பத்திக் கேக்கலை. அஞ்சு வாரமா எனக்குப் பைத்தியமான்னு நானே யோசிச்சுக்கிட்டு இருந்தேன். ஞாபகம் வரலையா, இல்லை வந்தும் சொல்லலையா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. மறந்துட்டேன்னா மறந்துட்டேன்னு சொல்லுங்க, நம்பறேன்."

அவன் தண்ணீரைக் குடித்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன்போல நிமிர்ந்து, மறுபடி தட்டைப் பார்த்தான். பிசைந்த சாப்பாடு அப்படியே இருக்க எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் அறையை விட்டு வெளியே போனான்.