வலிக்கு நான் போட்ட மார்க்

காரை லாரியின் பின்னால் கொண்டுபோய் இடித்ததும் எங்கள் டாக்டர் முதலில் இறங்கிப் போய்ப் பார்த்தது பம்பரை. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, பின் சீட்டில் இருந்த எங்கள் இருவரையும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல," என்றார். ஏதாவது ஆயிற்றா என்று அவர் கேட்கவில்லை. அவரே முடிவு செய்துவிட்டார்.

டாக்டர் என்று பழக்கத்தில் சொல்கிறேன். கிரிவலப் பாதையில் முதுகெலும்பு சிகிச்சை மையம் நடத்திய கைரோபிராக்டர் அவர். கழுத்தையும் முதுகையும் சட்டென்று திருப்பி, 'டக்'கென்று சத்தம் வரவைத்து, வலி போய்விட்டது என்று சொல்கிற தொழில். அதை முறையாகப் படித்தவர்கள் எங்காவது இருக்கலாம். இவர் எத்தனை நாள் படித்தார் என்பதை, நான்கு வருடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பலகையில் பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகள் மட்டும் வருடா வருடம் கூடிக்கொண்டே போயின. வைத்தியத்தைவிட அந்தச் சத்தத்தின் மேல்தான் அவருக்குப் பிரியம். பேஷன்ட்டின் காலரில் சின்ன மைக்கைச் செருகி வீடியோ எடுப்பார். சத்தம் சரியாக விழாவிட்டால் இன்னொரு தடவை திருப்புவார்.

அன்று கீழ்பென்னாத்தூரில் இலவச முகாம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். முன் சீட்டில் அவருடைய கேமரா பை உட்கார்ந்திருந்தது. அதற்கு சீட் பெல்ட்கூடப் போட்டிருந்தார். காலையில் போட்ட வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஓட்டிக்கொண்டே செல்போனை எடுத்தார். முன்னால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றிய மினி லாரி வேகத்தடைக்கு நின்றது. நாங்கள் நிற்கவில்லை. என் தலை வேகமாக முன்னால் போய்ப் பின்னால் வந்தது. பக்கத்தில் இருந்த அக்காவுக்குத் தோளில் அடி. மையத்தில் ஒத்தடம் கொடுப்பது அவர் வேலை.

மறுநாள் காலை என்னால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று டாக்டருக்குப் போன் செய்தேன். நேராக மையத்துக்கு வரச் சொன்னார். வெளியே போனால் ஆக்சிடென்ட் கேஸ் என்று எழுதுவார்கள், போலீஸ் வரும், யார் ஓட்டினது என்று கேட்பார்கள் என்று நீட்டி முழக்கினார். கடைசியில்தான் உண்மையான கவலை வெளியே வந்தது. "கழுத்து வலிக்கு நாமளே வைத்தியம் பண்றோம். நம்ம ஸ்டாஃபே வெளிய போய்க் காட்டுனா ஊரு சிரிக்காதாம்மா?"

ஊர் சிரிக்கக் கூடாது என்பதற்காக நான் அவருடைய சிகிச்சைக் கட்டிலில் படுத்தேன். எக்ஸ்ரே கிடையாது, ஒன்றும் கிடையாது. அக்காவையும் கூப்பிட்டார். அவர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "வேணாங்க சார். தைலம் தேய்ச்சா போயிடும்," என்றார். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஏழு வருடம் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர் அவர். அவர் ஏன் படுக்க மறுக்கிறார் என்று யோசிக்கிற புத்தி எனக்கு அன்று வரவில்லை.

எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர்களிடம் ஒவ்வொரு முறையும், வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டு அவர்களுடைய சிகிச்சைச் சீட்டில் எழுத வேண்டும். அது என் வேலை. போன தடவையைவிட இந்தத் தடவை கம்மியாக இருக்க வேண்டும் என்பது டாக்டரின் விதி. போன முறை ஏழு என்றால், இந்த முறை அவர்கள் எட்டு என்று முனகினாலும் நான் ஆறு போடுவேன். பெருக்குவது, துடைப்பது மாதிரி அதுவும் ஒரு வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

என் சீட்டையும் நான்தான் எழுதினேன். எப்படி அடிபட்டது என்ற இடத்தில், அவர் சொன்னபடி, 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தது' என்று எழுதினேன். முதல் நாள் வலி எட்டு. அடுத்த முறை ஆறு. மூன்றாம் முறை அவர் திருப்பியபோது கழுத்திலிருந்து சுண்டுவிரல் வரை ஷாக் அடித்த மாதிரி இழுத்தது. அன்று சீட்டில் நாலு. அந்த நாலைப் போடும்போதே பேனா கையில் நிற்கவில்லை. வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் மரத்துப்போயிருந்தன. சொன்னேன். "நரம்பு ஓபன் ஆகுதும்மா, நல்லதுதான்," என்று சிரித்தார்.

நான்காம் முறை என் காலரிலும் மைக் ஏறியது. ஸ்டாஃப் என்று சொல்லிவிடாதே, கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த பேஷன்ட் என்று சொல் என்றார். சொன்னேன். சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். நல்லவேளையாகத் தலையாட்டச் சொல்லவில்லை. அது ஒன்றுதான் அப்போது என்னால் முடியாமல் இருந்தது.

ஐந்தாம் முறை சீட்டில் வலி ஒன்று. அந்த வாரம் என் மகளின் யூனிபார்முக்குப் பட்டன் போட என்னால் முடியவில்லை. தோசைக் கரண்டி தானாக நழுவி விழுந்தது. எழுதிப் பிழைக்கிற கை எனக்கு. வேறு எந்த வேலையும் தெரியாது. ஒத்தட அறையில் அக்கா என் விரல்களை அழுத்திப் பார்த்தார். அழுத்தியதே எனக்குத் தெரியவில்லை என்பதை என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"இந்தக் கை போச்சுனா அந்தாளா வந்து உனக்குச் சோறு ஊட்டப் போறான்? பெரியாஸ்பத்திரிக்குப் போ. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

போனேன். எதையும் ஒழுங்காக எடுத்துப் போகிற பழக்கத்தில் என் சீட்டையும் எடுத்துப் போனேன். அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர். அவர் சீட்டைப் படித்துவிட்டு, வலி ஒன்றுக்கு இறங்கிவிட்டதே, பிறகு எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். அது நான் எழுதினது, உண்மையில்லை என்றேன். கார் இடித்ததையும் சொன்னேன். அவர் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தார், ஸ்கேன் எடுக்க அனுப்பினார். கழுத்தில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. திருப்பத் திருப்ப அது அதிகமாகியிருக்கிறது, இனி யாரையும் கழுத்தைத் தொடவே விடாதீர்கள் என்றார். பல மாதங்களுக்குப் பிறகு மோதிர விரல் எனக்குத் திரும்பக் கிடைத்தது. சுண்டுவிரல் இன்னும் வரவில்லை. அந்த மையத்துக்கு நான் மறுபடி போகவில்லை.

ஆனால் அன்று, ஸ்கேனைப் பார்த்து முடித்த பிறகு, அந்த டாக்டர் சீட்டை மறுபடி கையில் எடுத்தார்.

"எல்லாருக்கும் நீங்கதான் எழுதுவீங்களா?"

"ஆமாங்க."

"வேற யாராவது இப்படி விரல் மரத்துப்போச்சுனு சொன்னாங்களா?"

அந்த நிமிஷம் வரைக்கும் நான் எங்கள் டாக்டரை மட்டும்தான் கேவலமானவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாட வீதியில் பூ விற்கும் ஒரு அம்மாள் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் அவர் என் மேஜைக்கு முன்னால் விரல்களை விரித்துக் காட்டி, "பூ கட்டுறப்ப நாரு கையில இருக்குதா இல்லியானே தெரியலம்மா," என்றார். அவருடைய சீட்டில் போன முறை நாலு இருந்தது. நான் மூன்று என்று எழுதினேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வராமல் நின்றுபோனவர்களுக்கு எழுத எங்களிடம் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. குணமாகிவிட்டார் என்று அவர் சீட்டிலும் எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டினேன்.