விசில் இல்லாத மூன்று நாள்

போன வாரம் கேஸ் சிலிண்டர் போட வந்த பையன் வாசலில் நின்று போனில் வந்த எண்ணைக் கேட்டான். கண்ணாடியைத் தேடி எடுத்து, எண்ணைப் படித்துச் சொல்லி முடிப்பதற்குள் அவன் சிலிண்டரைச் சாய்த்து உருட்டிக்கொண்டு சமையலறைக்கே போய்விட்டான். மூடியைத் திறந்து காட்டியபோது லேசாகக் கேஸ் வாடை வந்தது. அந்த வாடை எல்லாருக்கும் பயத்தைக் கொடுக்கும். எனக்கு வெட்கத்தைக் கொடுக்கிறது. ஏன் என்று கேட்டால் கொஞ்சம் சுற்றித்தான் சொல்ல வேண்டும். நேராகச் சொல்கிற துணிச்சல் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை.

நான் கள்ளக்குறிச்சியில் குடித்தனம் தொடங்கியது ஆறு வீடுகள் ஒட்டினாற்போல் இருந்த ஒரு லைன் வீட்டில். என் வீட்டுக்காரருக்குக் கரும்பு ஆலையில் வேலை. எனக்கு வடக்கனந்தல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தையலும் மனையியலும் சொல்லித் தருகிற வேலை. பெண் பிள்ளைகளுக்கு வீட்டை எப்படிச் சிக்கனமாக நடத்துவது, திடீரென்று ஒன்று வந்தால் எப்படித் தயாராக இருப்பது என்றெல்லாம் பாடம் எடுப்பேன். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் சிக்கனம், அந்தப் பக்கம் கஞ்சத்தனம் என்று எழுதி வித்தியாசங்களை அடுக்குவேன். கையெழுத்து நன்றாக இருக்கும். அதைச் சொல்லிக்கொள்வதற்கு மட்டும் எனக்குக் கூச்சமில்லை.

பாடத்தோடு நிறுத்தாமல் வீட்டிலும் செய்து காட்டுவேன். கரைந்து போன சோப்புத் துண்டுகளை ஒன்றாக அமுக்கிப் புதுச் சோப்பாக்குவேன். பால் பாக்கெட்டுகளைக் கழுவிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பேன். எரிந்து மிச்சமான மெழுகுவர்த்திகளை உருக்கிக் கொட்டாங்கச்சியில் ஊற்றி வைப்பேன். மழைக்காலத்தில் நமுத்துப் போகாமலிருக்கத் தீப்பெட்டியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி அரிசிக்குள் புதைத்து வைப்பேன். ஒருமுறை வீட்டுக்காரர் சிகரெட் பற்றவைக்க நெருப்புக் கேட்டபோது அரிசி டின்னுக்குள் முழங்கைவரை கைவிட்டுத் தேடினேன். அவர் சிகரெட்டை விட்டதற்கு நான்தான் காரணம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கேஸ் விஷயத்தில் நான் இன்னும் மோசம். பருப்பையும் அரிசியையும் முன்பே ஊறவைத்து, ஒன்றன் மேல் ஒன்றாகக் குக்கரில் அடுக்கி, இரண்டு விசிலில் அடுப்பை அணைத்துவிடுவேன். மிச்சத்தைச் சூடே பார்த்துக்கொள்ளும். ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்து, எதுவரை சீக்கிரம் காய்கிறது என்று பார்த்து, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போடுவேன். லைன் வீட்டில் ஒரு வீட்டு விசில் ஆறு வீட்டுக்கும் கேட்கும். மூன்று வந்தால் பருப்பு, ஏழெட்டு வந்தால் கறி என்று எல்லாருக்கும் தெரியும். என் வீட்டு விசில் இரண்டோடு நின்றுவிடும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

அங்கே ஒரு பழக்கம் இருந்தது. அப்போதெல்லாம் பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு சிலிண்டர்தான். தீர்ந்துபோனால் லாரி வருகிறவரை காத்திருக்க வேண்டும். அதனால் யாரிடம் கூடுதலாக இருக்கிறதோ அவர்கள் கொடுப்பார்கள், நமக்கு வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நானே இரண்டு முறை பக்கத்து வீட்டுப் பர்வீன் அக்காவிடம் வாங்கியிருக்கிறேன். அவருடைய வீட்டுக்காரருக்குக் கடைவீதியில் வளையல் கடை. அக்கா எப்போதும் தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுகிற ரகம். சிலிண்டரைத் தானே உருட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்திவிட்டுப் போனவர்.

பிறகு என் கொழுந்தனுக்கு வடக்கே மாற்றலாகி, போகும்போது அவருடைய சிலிண்டரை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். நிறைந்த சிலிண்டர். அது வந்த விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. பழைய புடவையில் சுருக்கம் வைத்து அதற்கு ஓர் உறை தைத்தேன். மேலே வட்டமாக ஒரு பலகையைப் போட்டு முன்னறையில் வைத்தேன். பார்க்கிறவர்கள் ஸ்டூல் என்று நினைத்தார்கள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தையல் டீச்சர் இல்லையா, உறை நன்றாகவே அமைந்திருந்தது.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்தது பாருங்கள், விடவே இல்லை. மாடியில் நின்றால் தெரிகிற கல்வராயன் மலை எங்கே போனதென்றே தெரியவில்லை. மலைப்பக்கம் போகிற பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடம் லீவு. விறகுச் சுமை வரவில்லை, ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை, கேஸ் லாரியும் வரவில்லை. பர்வீன் அக்காவின் மகள் ஷகிலா பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து பத்து நாள். எடை குறைவு, சளி வேறு. குளிர் படாமல் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றுக்கும் கொதித்த தண்ணீரையே பயன்படுத்துங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒரு நாள் காலையில் அக்கா வந்து வாசலிலேயே நின்றார். காலெல்லாம் ஈரம் என்று உள்ளே வரவில்லை.

"டீச்சர், கேஸ் தீந்துபோச்சுங்க. புள்ளைக்குத் தண்ணி காய வெக்கணும். உங்ககிட்ட எதனா கீதுங்களா?"

உறை போட்ட சிலிண்டர் எனக்குப் பின்னால் நாலு அடி தூரத்தில் இருந்தது.

"இல்லியேக்கா. எங்களுதே இன்னிக்கோ நாளைக்கோன்னு கீது" என்றேன்.

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நீங்க மட்டும் இன்னா பண்ணுவீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற நாலு வீட்டிலும் கேட்டிருக்கிறார். அங்கே உண்மையிலேயே இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். மழை இன்னும் பத்து நாள் பெய்தால் என்ன செய்வது என்று பயந்தேன். நைனார்பாளையத்தில் நான் பிறந்த வீட்டில் ஈர விறகை ஊதி ஊதி அம்மாவுக்குக் கண் சிவந்துபோவதைப் பார்த்து வளர்ந்தவள், அதனால்தான் என்றும் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எந்தச் சமாதானமும் நிற்கவில்லை. அவசரத்துக்கு என்று வைத்திருந்தேன், அவசரம் வாசலுக்கே வந்து நின்றது, ஆனால் அது என் வீட்டு அவசரமாகத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "பச்சப் புள்ள கீற வூடு. குடுத்தா இன்னா?" என்றார். உங்களுக்குக் குடும்பம் நடத்தத் தெரியாது என்று கத்தினேன். கத்தியதுகூட வெளியே கேட்டுவிடக் கூடாதென்று மெதுவாகத்தான் கத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டில் மரம் உடைகிற சத்தம் கேட்டது. அக்காவின் வீட்டுக்காரர் பாய், வளையல் மாட்டி வைக்கிற மரச் சட்டங்களைக் கடையிலிருந்து கொண்டுவந்து ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா காலத்துச் சட்டங்கள். ஒவ்வொரு அடிக்கும் என் சுவர் அதிர்ந்தது.

இனி என் பாட்டைக் கேளுங்கள். கேஸ் இன்றைக்கோ நாளைக்கோ என்று சொன்னவள் வீட்டில் விசில் வரலாமா? குக்கரை எடுத்துப் பரண்மேல் போட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு, பானையில் சோறு வடித்தேன். கடுகு தாளித்தால் ஆறாவது வீடுவரை வாசம் போகும் என்று தாளிப்பையும் விட்டேன். திறந்த பானையில் வேகவைத்ததில் கேஸ் இரண்டு மடங்கு போனது. சிக்கனத்தைப் பாடம் எடுத்தவள் திருட்டுத்தனத்துக்காகக் கேஸை வாரி இறைத்தேன். மூன்று நாளும் உப்புச் சப்பில்லாத சாப்பாடு. வீட்டுக்காரர் அதையே சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

மூன்றாம் நாள் மதியம் கதவு தட்டப்பட்டது. நான் அப்போதுதான் சோற்றை வடித்திருந்தேன். சமையலறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு ஓடிப் போய்த் திறந்தேன். பர்வீன் அக்கா ஒரு தூக்குவாளியோடு நின்றிருந்தார். மூன்று நாள் புகையில் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இந்த முறை உள்ளே வந்தார்.

"மூணு நாளா உங்க வூட்ல விசிலே கேக்கலியே டீச்சர். இன்னா தின்னீங்களோ ஏதோன்னு மனசு ஆறல. புள்ளைக்குத் தண்ணி காய வெச்ச அடுப்புலியே கொஞ்சம் கஞ்சி சேத்து வெச்சேன். சுடச்சுடக் குடிங்க."

சொல்லிக்கொண்டே தூக்கை அந்த ஸ்டூலின் மேல் வைத்தார். சூடு படக்கூடாதென்று என் உறையை விரலால் ஒதுக்கிவிட்டு, பலகையின் நடுவில் பார்த்து வைத்தார். பலகைக்குக் கீழே எட்டிப் பார்க்கவில்லை. அடுப்பு அணைந்துவிடும் என்று உடனே போய்விட்டார்.

அந்த நிமிஷமாவது உறையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. கொடுத்தால் பொய் வெளியே வந்துவிடும். குழந்தைக்குச் சளி இறங்காமல் இருந்தது அப்போதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் பெயரைத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் தூக்கைப் பார்த்தார். எனக்கு வேண்டாம், நீயே குடி என்று சொல்லிவிட்டு மழையிலேயே வெளியே போனார். நான் குடித்தேன். கஞ்சியில் வார்னிஷ் புகை வாடை அடித்தது. வீணாக்கக் கூடாதென்ற பழக்கம், கடைசி வாய்வரை குடித்தேன். தூக்கைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது என்பார்களே, அதற்காக இரண்டு கைப்பிடி கொத்தவரை வற்றல் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் மழை விட்டது. இரண்டு நாளில் லாரி வந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது, அதற்கு நான் காரணமில்லை. அதற்கப்புறம் வளையல் வாங்கப் போனால் பாய் கடையில் கயிறு கட்டி அதில்தான் மாட்டியிருப்பார். நான் கயிற்றைப் பார்க்காமல் வளையலை மட்டும் பார்த்து வாங்கிக்கொண்டு வருவேன்.

லைன் வீட்டை இடித்து இப்போது செல்போன் கடையும் நகைக் கடையும் வந்துவிட்டன. ஆறு குடும்பமும் ஆளுக்கொரு பக்கம். இன்றைக்கு யாரும் யாரிடமும் சிலிண்டர் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை, பக்கத்து வீட்டில் இருப்பவர் பெயரும் எனக்குத் தெரியாது.

பர்வீன் அக்காவிடம் ஒரு நாள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். பார்க்கும்போதெல்லாம் அடுத்த முறை ஆகட்டும் என்று தள்ளிப் போட்டேன். எல்லாவற்றையும் பிறகு உதவும் என்று எடுத்து வைத்துப் பழகியவள் அதையும் எடுத்து வைத்தேன். ஒரு நாள் அக்கா மவுத்தாகிவிட்டதாகச் செய்தி வந்தது. துக்கத்துக்குப் போனேன். கூடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஷகிலா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களிடம் காட்டினாள்.

"இவங்கதான் அந்த டீச்சர். அம்மா சொல்லிக்கினே இருப்பாங்களே. அந்த மழையில ரெண்டு வூட்லியும் கேஸ் இல்லாம, ஒரு அடுப்புக் கஞ்சியப் பங்கு போட்டுக் குடிச்சோம்னு. கஷ்டத்துல எங்க கூட இருந்தவங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.