சுவருக்கு அந்தப் பக்கம் இருமல்

அவரைக் கூலிங்காரர் என்றால்தான் யாருக்கும் தெரியும். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. வயது ஐம்பத்திரண்டு, தொழில் பிரிட்ஜ் ரிப்பேர். கடை என்பது ஒரு ஷட்டர், ஒரு ஸ்டூல், கதவு கழன்று வாய் பிளந்து நிற்கும் ஏழெட்டுப் பெட்டிகள்.

மற்ற மெக்கானிக்குகள் வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார்கள். இவர் காதைக் கொண்டுபோய் பிரிட்ஜின் விலாவில் வைப்பார். கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, வீட்டுக்காரர்களையும் மூச்சுவிட வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். "கேஸ் போயிருக்கு." "ஃபேன் உரசுது." "ஒண்ணுமில்லம்மா, மேல சாமான் வெச்சிருக்கீங்க, அதான் அதிருது." போனில் கூப்பிட்டால், "போனை பிரிட்ஜ்கிட்ட குடுங்க, நான் அதுகிட்டயே பேசிக்கிறேன்" என்பார். இருபத்தெட்டு வருடத்தில் அந்தக் காது ஒருமுறைகூடத் தவறியதில்லை. அதுதான் அவருடைய மூலதனம், சொத்து, விளம்பரப் பலகை எல்லாம்.

அவர் குடியிருந்த கட்டடத்தில் மொத்தம் பன்னிரண்டு வீடுகள். கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற சங்கதி அவருக்கு மட்டும் தெரியாது. அவர்தான் மின் சிக்கனக் குழுவைத் தொடங்கியவர். பல்புகள் மாறின. துணி உலர்த்த மொட்டை மாடியில் கொடிகள் கட்டப்பட்டன. யாரும் சார்ஜரைச் சும்மா சொருகி வைக்கவில்லை. கேலி செய்ய வழியில்லாமல் யூனிட் நிஜமாகவே குறைந்தது. அந்த உற்சாகத்தில் அடுத்த சட்டம் வந்தது. வீட்டுக்கு ஒரு பிரிட்ஜ்தான். இரண்டாவது இருந்தால் பழைய இரும்புக் கடைக்கு.

இதைச் சோதிக்க ஓர் ஆய்வாளர் வேண்டுமே? கூலிங்காரர் சட்டையில் அட்டை குத்தப்பட்டது. பிளக்கில் சொருகி யூனிட் பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்றும் கையில் கொடுக்கப்பட்டது. இதுவரை எல்லோரும் அவரை அடுப்படி வாசலோடு நிறுத்திப் பேசினார்கள். இப்போது நாற்காலி போட்டு, "வாங்க சார்" என்றார்கள்.

ஆய்வுக்குத் தலைமையாசிரியை ஒரு முறை வகுத்திருந்தார். நாளுக்கு ஒரு வீடு, வரிசையாக. பட்டியலை வாசலில் ஒட்டிவிட்டார். பட்டியலை மீறி யார் வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது, அது நாகரிகம் அல்ல. பரீட்சைத் தேதியோடு வினாத்தாளையும் ஒட்டிவைத்ததைப் போன்ற ஏற்பாடு.

சிக்கல் என்னவென்றால், ஆய்வாளர் வீட்டிலேயே இரண்டாவது ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு அவரே கட்டியது அது. உடம்பு ஒரு கம்பெனி, கதவு வேறு கம்பெனி, கம்ப்ரசர் எந்தக் கம்பெனி என்று கம்ப்ரசருக்கே தெரியாது. ஓடத் தொடங்கும்போது டக்-டக் என்று இருமி, ஒரு பெருமூச்சு விட்டு, பிறகு முனகும். தனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதால் அவர் மனைவி அதற்கு 'மூத்தவ' என்று பெயர் வைத்திருந்தார்.

"இன்ஸ்பெக்டர் வீட்லயே ரெண்டாவது இருந்தா நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்றார் மனைவி. "மூத்தவள எங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

கூலிங்காரர் அதைச் சரிபார்க்கவில்லை. மச்சானோடு பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகிறது. தங்கை புருஷன் மெக்கானிக்காக இருக்கும்போது கடையில் போய்ப் புது பிரிட்ஜ் வாங்கிய பாவத்தை அந்த மனிதர் செய்திருந்தார்.

முதல் ஆய்வு தையல்காரம்மா வீட்டில் நடந்தது. ஒரே பிரிட்ஜ்தான், சுத்தம். கையெழுத்துப் போடும்போது இடது சுவருக்கு அந்தப் பக்கம் டக்-டக் கேட்டது. ஒரு பெருமூச்சு. ஒரு முனகல்.

"அது என்ன சத்தம்மா?"

"எது சார்? எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்று தையல் மெஷினை வேகமாக மிதித்தார் தையல்காரம்மா.

மறுநாள் பட்டியல்படி அதே இடது பக்கத்து வீடு, பஸ் டிரைவருடையது. அங்கே ஒரே பிரிட்ஜ். ஆனால் இப்போது மேலே, கூரைக்கு அந்தப் பக்கம், டக்-டக்.

"மேல் வீட்ல யாராச்சும் இருமுறாங்களா?"

"நான் தினம் முப்பது வருஷமா ஹாரன் அடிக்கிறவன் சார். என்கிட்ட போய்ச் சத்தத்தைப் பத்தி கேக்கிறீங்களே!"

மூன்றாம் நாள் மேல் வீடு, நர்ஸம்மாவுடையது. இருமல் இப்போது எதிர் வீட்டிலிருந்து வந்தது. நர்ஸம்மா அவர் நாடியைப் பிடித்துப் பார்த்து, "சரியா தூங்குறீங்களா?" என்று கேட்டார்.

கூலிங்காரருக்குத் தலை சுற்றியது. மூத்தவளோ ஊருக்கு வெளியே மச்சான் வீட்டில். அவள் சத்தமோ இங்கே சுவருக்குச் சுவர் தாவுகிறது. போகிற இடமெல்லாம் கேட்கிறது, சொந்த வீட்டில் மட்டும் கேட்கவில்லை. அதையும் மனைவியிடம் கேட்டுப் பார்த்தார்.

"வீட்ல நான் பேசிட்டே இருக்கேன்ல? அதுக்கு ஏது எடம்?" என்றார் மனைவி, முகத்தைப் பார்க்காமல்.

காது டாக்டரிடம் போனார். டாக்டர் மணி அடித்தும் ஊசியைக் கீழே போட்டும் சோதித்துவிட்டு, "பச்சைக் குழந்தை காது மாதிரி இருக்கு" என்றார். அதுதான் அவரை முழுசாக உடைத்தது. காதில் கோளாறு இல்லையென்றால் கோளாறு இன்னும் உள்ளே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அன்று பால் கடைக்காரர் தன் பிரிட்ஜோடு வந்தபோது விலாவில் காதை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கேட்பது இதன் சத்தமா, தன் தலைக்குள் இருக்கும் சத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "வேற ஆளைப் பாருங்கண்ணே" என்று திருப்பி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து, சட்டையிலிருந்த அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சனிக்கிழமையோட கடையை மூடிடலாம்னு இருக்கேன்."

மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது. "என்னது?"

"காதை நம்ப முடியலன்னா எனக்கு என்ன தொழில் இருக்கு சொல்லு? துணிக்கடையில வாட்ச்மேன் வேலை கேட்டிருக்கேன். அங்க எதையும் கேக்க வேண்டாம், நின்னா போதும்."

ஐந்து நிமிடம் அந்த வீட்டில் மனைவியின் குரல் கேட்கவில்லை. அதுவே ஒரு சாதனை. பிறகு அவர் எழுந்து, கையைத் துடைத்து, புருஷன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினார். நர்ஸம்மாவின் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தொறங்க! போதும் வெளையாட்டு. இவர் கடையை மூடுறேங்கிறாரு!"

கதவு திறந்தது. உள்ளே தையல்காரம்மா, நர்ஸம்மா, பஸ் டிரைவர், இன்னும் மூன்று வீட்டார் எல்லோரும் இருந்தார்கள். அடுத்த இடமாற்றம் பற்றிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நடுவில் போர்வை போர்த்தி, மேலே ஒரு கடிகாரமும் பொம்மையும் வைத்து, ஏதோ ஒன்று நின்றது.

"இது என்ன?" என்றார் கூலிங்காரர்.

"அலமாரி" என்றார் வீட்டுக்காரர், பழக்க தோஷத்தில்.

அலமாரி டக்-டக் என்று இருமி, பெருமூச்சு விட்டது.

போர்வையை விலக்கினார். உள்ளே தையல்காரம்மாவின் மாமியாருக்கான இன்சுலின், டிரைவர் வீட்டுப் பால், நர்ஸம்மாவின் ஒரு வாரக் குழம்பு, ஒவ்வொன்றின் மேலும் வீட்டு எண். ஏழு வீடுகளின் மிச்சம் மீதி ஏழு வருடமாக அதில்தான் குடியிருந்தது. கூலிங்காரர் கடைக்குப் போனபின் அவர் வீட்டுக்கு வந்து வைப்பார்கள், அவர் திரும்புமுன் எடுப்பார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீங்க உண்மையை எழுதிடுவீங்க" என்றார் மனைவி. "அப்புறம் மூத்தவ இரும்புக் கடைக்குப் போயிருப்பா. உங்க காதுக்கு ஒண்ணும் இல்லங்க. அவ சத்தத்தைத்தான் கேட்டீங்க. எங்க இருந்தாளோ அங்கேயேதான் கேட்டிருக்கு."

 கூலிங்காரர் மண்டியிட்டுப் பெட்டியின் விலாவில் காதை வைத்தார். அவர் முதுகு குலுங்கியது சிரிப்பினாலா வேறெதனாலா என்று அங்கிருந்த யாருக்கும் விளங்கவில்லை.

கூச்சல் கேட்டுத் தலைமையாசிரியை மேலே வந்துவிட்டார். ஆய்வுப் படிவத்தை விரித்தார். "இது யாரோடது?"

"எங்களுது இல்ல" என்றார்கள் ஏழு வீட்டாரும். ஒரு நொடி கழித்து, "எங்களுதும்தான்."

"இது இல்லன்னா ஆளுக்கு ரெண்டாவது ஒண்ணு வாங்கியிருப்போம் டீச்சர்" என்றார் டிரைவர், தைரியம் வந்து. "ஏழு இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணுதான் இருக்கு. இது சிக்கனமா, குத்தமா? நீங்களே சொல்லுங்க."

தலைமையாசிரியை மீட்டரைச் சொருகிப் பார்த்தார். மூத்தவள் இரண்டு பிரிட்ஜ் தின்னும் மின்சாரத்தைத் தின்றாள். இரண்டு என்பது ஒன்றைவிட அதிகம், ஏழைவிடக் குறைவு. படிவத்தில் ஏழில் ஒன்று எழுதக் கட்டம் இல்லை. ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் அவர் நின்றதை அந்தக் கட்டடம் அன்றுதான் பார்த்தது. "ஞாயித்துக்கிழமை கூடிப் பேசுவோம்" என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"சத்தம் போடாதீங்க" என்று கையை உயர்த்தினார் கூலிங்காரர். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், தலைமையாசிரியை உட்பட. அவர் எழுந்து படிவத்தை வாங்கி, எண்ணிக்கை, உரிமையாளர் என்ற கட்டங்களைத் தாண்டி, குறிப்பு என்ற இடத்தில் எழுதினார்: 'கம்ப்ரசரைக் கிளப்புற ரிலே போயிருக்கு, அதான் இருமல். கதவு ரப்பரும் போச்சு. ரெண்டும் மாத்தினா பாதி கரண்ட்தான் இழுக்கும்.'

பிறகு செல்போனை எடுத்துப் பால் கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, வேற ஆளைக் கூப்பிட்டுட்டீங்களா? இல்லையா? அப்போ போனை அதுகிட்ட குடுங்க."