சிப்பிச் சுவருக்குப் பெயிண்ட் அடித்த கதை

சுவரில் கறை இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. துறைமுகத்துச் சரக்குகளுக்குப் பேப்பர் பார்க்கும் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவன் நான். ஒரு கோடு கோணலாக இருந்தாலும் கை துறுதுறுக்கும். எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டதே இந்த வியாதிக்காகத்தான்.

எங்களுடையது துறைமுகம் வந்த காலத்தில் கட்டிய நாலு மாடி ஃபிளாட். வெளிச்சுவர் முழுக்க உடைத்த சிப்பியைக் கலவையில் பதித்திருந்தார்கள். காலை வெயில் பட்டால் மின்னும். மற்ற நேரமெல்லாம் கரித்தூசி படிந்து, சாய்ந்தால் சட்டையைக் கிழிக்கும். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருகிறேன் என்று ஒரு பில்டர் வந்தபோது பாதிப்பேர் தலையாட்டிவிட்டார்கள்.

மாட்டேன் என்றவர் தரைத்தளத்து டீச்சர். நாசரேத்துக்காரர், எங்கள் சங்கத் தலைவரும் அவர்தான். அவர் கணவருக்குப் பார்வை போய்ப் பல வருஷம் ஆகிறது. அந்த வீட்டுக்குள் மட்டும் மனிதர் கம்பில்லாமல் நடப்பார், தானே காபி போட்டுக் குடிப்பார். வாசலைத் தாண்டினால் யாராவது கையைப் பிடிக்க வேண்டும்.

"வேற வீட்டுக்குப் போனா இவுக ஒரு மூலையில உக்காந்துருவாக அண்ணாச்சி" என்று டீச்சர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அதற்காகத்தான் எங்கள் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடமாக அறிவிக்கச் சொல்லி மனுப் போட்டார். சிப்பிச் சுவரைப் பற்றி மட்டுமே மூன்று பக்கம். கோயில், சர்ச் என்றால் சரி, ஃபிளாட்டுக்கெல்லாம் யார் தருவார்கள் என்று உள்ளுக்குள் சிரித்தேன். ஆனால் பார்வையிட வருகிறோம் என்று சென்னையிலிருந்து கடிதம் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து டீச்சர் கணவரைக் கூட்டிக்கொண்டு உடன்குடியில் மகள் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினார். "நான் வார வரைக்கும் ஒண்ணையும் தொடாதீங்க அண்ணாச்சி, என்ன?" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மனசு கேட்கவில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிப்பவர்கள் நாங்கள். வருகிறவர்களிடம் அழுக்குச் சுவரைக் காட்டி மானத்தை வாங்குவதா? ஆட்களை வரச்சொன்னேன். புதுப்பூச்சு பிடிக்க வேண்டும் என்று முன்பக்கச் சிப்பியை எல்லாம் கொத்திவிட்டு, சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, சந்தன நிறத்தில் பெயிண்ட் அடித்தார்கள். எதிரே நின்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். டீச்சர் பார்த்து அசந்துபோவார் என்றுகூட நினைத்தேன். அந்த வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்ல.

டீச்சர் திரும்பிய அன்று காலையிலேயே அதிகாரிகளும் வந்தார்கள். ஆட்டோவில் இருந்து இறங்கிய டீச்சர் சுவரைப் பார்த்தார், பிறகு கணவரைக் கைபிடித்து இறக்கினார். வந்தவர்களில் மூத்த பொறுப்பில் இருந்த பெண்மணி சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு மனுவைப் புரட்டினார்.

"இந்தச் சுவருக்காகத்தானே வந்தோம்? யார் சொல்லி இதைப் பண்ணீங்க?"

குடியிருப்பே சுற்றி நின்றது.

"தலைவர் சம்மதத்தோடதான்" என்றேன்.

டீச்சர் என்னை ஒரு தடவை பார்த்தார். "ஆமா, நாந்தான் சொன்னேன்" என்றார்.

மனு தள்ளுபடியானது. இடிக்க வேண்டாம் என்றிருந்தவர்களும் ஒவ்வொருவராகப் பில்டருக்குக் கையெழுத்துப் போட்டார்கள். "மனுவும் போட்டு, சுவத்தையும் அவங்களே கெடுத்துக்கிட்டாங்க" என்று மாடிப்படி முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சு நடக்கிற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். வாயைத் திறக்கவில்லை.

காலி செய்கிற நாளில் மற்ற எல்லோரும் புதுக் கட்டடம் எழும்பும் வரைக்கும் பக்கத்திலேயே வாடகைக்குப் போனோம். டீச்சர் வீட்டில் மட்டும் ஒரேயடியாக உடன்குடிக்கு. அவர் கணவரை ஆட்டோவில் உட்கார வைத்திருந்தார்கள். முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"டீச்சர், இப்பவே எல்லாரையும் கூப்பிட்டு, நான்தான் பண்ணேன்னு சொல்லிருதேன்."

"எதுக்கு அண்ணாச்சி? நாங்க போறோம்லா. நீங்க இவங்களோடதான இருக்கணும்."

அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. அவர் மனசு மாறிவிடுவாரோ என்று பயந்து, கடைசிப் பெட்டியை நானே ஓடிப்போய்த் தூக்கி ஆட்டோவில் வைத்தேன்.